அப்பாவை எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கவைப்பது

ஷியூனிங்,
ஒன்பதாம் மாதம், பதினெட்டாம் நாள்

ஹான்கோவில் தேயிலை வியாபாரம் செய்யும் அருமைத் தம்பி டிங்யுவானுக்கு, அண்ணன் டிங்செங் அநேக ஆசீர்வாதங்களோடு எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். உன் மனைவி குய்ஷியாங்கும் சுகம். அவள் வயிற்றைப் பற்றி ஊரார் யாராவது உனக்கு எழுதியிருந்தால் நம்பாதே. அது கர்ப்பமில்லை, இரும்புச் சட்டி. விவரம் கீழே.

அப்பாவை நேற்று அடக்கம் செய்துவிட்டோம். மூன்று வருடமாகச் சவப்பெட்டியோடு மலையடிவாரக் கொட்டகையில் காத்துக்கிடந்த மனிதருக்கு ஒருவழியாக மண் கிடைத்தது. காத்துக்கிடந்ததற்குக் காரணம் நீயும் நானும்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சமாதி இடப்பக்கம் சாய்ந்தால் மூத்தவன் வீடு தழைக்கும், வலப்பக்கம் சாய்ந்தால் இளையவன் வீடு தழைக்கும் என்பதால், நிலம் பார்க்க வந்த ஏழு பேரை நாம் மாறிமாறித் துரத்தினோம். இந்த முறை பஞ்சாங்கம் கறாராகச் சொல்லிவிட்டது: நேற்று முற்பகல் தப்பினால் அடுத்த நல்ல நாள் நான்கு வருடம் கழித்து. அச்சில் வந்துவிட்டதை எதிர்த்து யார் பேச முடியும்? எட்டாவதாக வூ என்பவரைத் திசைகாட்டியோடு வரவழைத்தேன்; அதன் ஊசி சாயும் பக்கம்தான் சமாதியும் சாயும்.

தம்பி, நம் முன்னோர் என்னென்னவோ கண்டுபிடித்தார்கள். காகிதம் செய்தார்கள், அதில்தான் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வெடிமருந்து செய்தார்கள், அதைக் கொளுத்திப் பேய்களை விரட்டுகிறோம். ஆனால் அரிசி நீள ஊசி ஒன்று, எதிரில் நிற்பவன் மாஜிஸ்திரேட்டா மாடு மேய்ப்பவனா என்று பாராமல், தெற்கு இதுதான் என்று காட்டிவிட்டுச் சும்மா நிற்கிறதே, அதற்கு நான் விழுந்து கும்பிடுவேன். நடுக்கடலில் கப்பல்காரன் அதை நம்பி உயிரையே ஒப்படைக்கிறான். அப்பேர்ப்பட்ட ஊசியைக் கொஞ்சம் என் பக்கம் இழுக்கலாமென்று, அங்கியின் அகலக் கைக்குள் கோடரித் தலையை ஒளித்துக்கொண்டு போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் எழுதாவிட்டால் உன் மனைவி எழுதிவிடுவாள்.

நான் வூவின் இடப்பக்கம் ஒட்டி நின்றேன். ஊசி என் பக்கம் அசைந்தது, பாதியில் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் வலப்பக்கம் குய்ஷியாங், துக்க உடைக்குள் இவ்வளவு பெரிய வயிற்றோடு நிற்கிறாள். பின்னால் பெண்கள் கிசுகிசுக்கிறார்கள். "ஏண்டி, இவ புருஷன் போயி பதினாலு மாசமாச்சுல்ல?" "கணக்கெல்லாம் நீ ஏண்டி போடுற, அழு." வூவோ திசைகாட்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நாப்பது வருசமா பாக்கறேங்க, இப்படி ஒரு நேர்மையான ஊசிய பாத்ததே இல்ல! நட்டநடுவுல நிக்குது. ரெண்டு மகனுக்கும் சரிபாதி யோகம்!" என்று கூவிவிட்டார். தோண்டினோம், இறக்கினோம், மண் தள்ளினோம். வூ விருந்துக்குப் போய்விட்டார். குய்ஷியாங் நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கவேண்டுமல்லவா? இரண்டாவது முறையிலேயே 'ணங்' என்று சத்தம். சட்டி கயிறறுந்து உருண்டது.

"அடிப்பாவி, சட்டியா?" என்று கையை நீட்டிக் கத்தினேன். கோடரி நழுவி என் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது.

"ஏன், நீங்க மட்டும் பூவா கொண்டாந்தீங்க பெரியத்தான்? எல்லாம் உங்க தம்பி எழுதிக் குடுத்த யோசனைதான்!"

பக்கத்து ஊரில் டோஃபு வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்ட நம் தங்கை யூஃபெங்தான் இருவரையும் அடக்கினாள். "சீ, வாய மூடுங்க ரெண்டு பேரும். அப்பா இப்பத்தான் படுத்திருக்காரு." அவள் அழுதழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

ஆகவே தம்பி, இருவரும் சரிசமமாகத் திருடினோம், சரிசமமாக யோகம் வாங்கினோம். இனி உனக்கும் எனக்கும் சண்டையில்லை. புதுவருடத்துக்கு ஊர் வந்து சேர். உன் கிடங்கு நிறையட்டும், நூறு வயது வாழ், எலி தேயிலையைத் தொடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
வலது கால் கட்டைவிரல் வீங்கிய அண்ணன்,
பாவ் டிங்செங்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போனேன், வூ வந்துவிட்டார். சட்டி விஷயம் ஊரெல்லாம் பரவி அவர் காதுக்கும் எட்டிவிட்டதாம். "இரும்பு எதுவும் இல்லாம வாங்க" என்று சமாதிக்கு இழுத்துப்போனார். ஊசி துள்ளி, வேறிடத்தில் போய் நின்றது. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மகனுங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. இது மக வீட்டுக்கு யோகம் தர்ற தெச. நல்ல நாள்ல எறக்கியாச்சு, நாளைக்குள்ளன்னா அதே கணக்குல தோண்டித் திருப்பிரலாம், என்ன சொல்றீங்க?" நான் காலி கொட்டகையைப் பார்த்தேன். கூரையில் புது வைக்கோல். மூன்று வருடமாக அதை மாற்றிவந்தது நானில்லை, நீயுமில்லை. தோண்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊசியை இழுத்தது நாம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் தம்பி. அப்பா வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.