அபசகுனம் போட்ட ஒட்டு

நல்ல செய்தியைக்கூடத் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லக்கூடிய மனிதர் ஒருவரைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். காவேரிக்கு இந்தக் கரை, கொள்ளிடத்துக்கு அந்தக் கரை என்று சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொருவர் அகப்பட மாட்டார். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் 'அபசகுனம்'.

அறுபதுகளின் தொடக்கத்தில் செம்பட்டுப் பக்கம், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு சின்ன ஃபிளையிங் கிளப்பில் நான் குமாஸ்தா. கிளப் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கொட்டகை ஒன்று, அதற்குள் இரண்டு பேர் உட்காரக்கூடிய மஞ்சள் விமானம் ஒன்று, அந்த விமானத்தைவிட வயதான நாற்காலிகள் சில, அவ்வளவுதான். அபசகுனம் அங்கே மெக்கானிக். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், சத்திரத்திலிருந்து செம்பட்டுக்கு இன்னொரு பஸ் என்று ஏறி வருவார். வந்ததும் என் மேஜைக்கு எதிரே நின்று, "பஸ் வந்துட்டுதுங்க" என்பார். ஏதோ நெருங்கிய உறவு போய்விட்டதுபோல இருக்கும்.

முதல் தடவை தனியாகப் பறக்கப் போகிற மாணவனுக்கு நாமெல்லாம் என்ன சொல்வோம்? தைரியமாகப் போய் வா என்போம். அபசகுனம் அருகில் போய்த் தணிந்த குரலில், "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா தம்பி?" என்று கேட்பார். பையன் அதற்குப் பிறகு விமானத்தில் கால் வைப்பானா? என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டுங்க. எல்லாருக்கும் நடக்கறதுதானே" என்றார்.

மாணவர்கள் காலையில் அவர் முகத்தில் விழிக்காமல் போக ஒரு தனி வழியே கண்டுபிடித்திருந்தார்கள். பெட்ரோல் பீப்பாய்களுக்குப் பின்னால் குனிந்துகொண்டே போவார்கள். இது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் விமானம் கிளம்புகிற நேரத்தில் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். என்னங்க இது என்றேன். "பசங்க என் மூஞ்சியப் பாத்தா பயந்துக்குதுங்க. எனக்கு இன்ஜின் சத்தம் கேட்டாப் போதும்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவருக்கு ஜென்ம விரோதி ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் பேஃபிள்; எங்கள் கொட்டகையில் வெறும் தகடு. விமானத்து இன்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது, எதிர்க்காற்றுதான் அதைக் குளிரவைக்க வேண்டும். காற்று தன் இஷ்டத்துக்கு வெளியே ஓடிவிடாமல் சிலிண்டர்களைச் சுற்றிப் போகும்படி மடக்கிவிடுவதற்கு மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கும். ஊதுகுழல் காற்றை அடுப்புக்குள் சேர்க்கிறதே, அந்த வேலைதான். தகடு விரிசல் விட்டு உடைந்தால் கடைசியில் இருக்கிற சிலிண்டருக்குக் காற்று போகாது. அது வெந்துபோகும். ஆகாயத்தில் இன்ஜின் நின்றுபோனால் கீழே இறங்கிப் பார்க்க முடியாது.

இன்ஜின் நடுங்கும்போதெல்லாம் இந்தத் தகடுகளில் விரிசல் விடும். புதுத் தகடு சீமையிலிருந்து வர வேண்டும். வராது. ஆகவே விரிசல் முடிகிற இடத்தில் பொட்டுப்போல ஓர் ஓட்டை போடுவார். விரிசல் அதற்குமேல் ஓடாது. அதன் மேலே ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் ஆணி அடிப்பார். ஒட்டுத் தகட்டை வளைப்பதற்கு முன் அதன் மேல் சலவைச் சோப்பைத் தேய்த்து, சோப்பு கறுக்கும்வரை சூடு காட்டுவார். அப்போதுதான் தகடு சொன்னபடி கேட்குமாம். இதற்காகச் சோப்புக் கேட்டு அவர் வந்து நின்றபோது எங்கள் செக்ரட்டரி, "ஏரோப்ளேனுக்குச் சோப்பு எதுக்கு காணும்? எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டப் போறீரா?" என்றார். செக்ரட்டரி ஸ்ரீரங்கத்து வக்கீல். நெற்றியில் திருமண், கையில் சுருட்டிய குடை.

"விரிசலும் உங்க கேஸ் மாதிரிதாங்க. ஆரம்பம்தான் தெரியும்" என்றார் அபசகுனம். செக்ரட்டரி சோப்புக்கு உத்தரவு கொடுத்துவிட்டார்.

இவ்வளவு துக்கம் பேசுகிறவர் சொன்னது பலித்ததா என்றால், அதுதான் வேடிக்கை. ஒன்றுகூடப் பலிக்கவில்லை. செக்ரட்டரியின் பழைய காரைப் பார்த்து, "தேறாதுங்க" என்றார். அது சமயபுரத்துக்கும் வையம்பட்டிக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. செக்ரட்டரியின் தகப்பனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்க்கப் போய், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "தேறாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கிழவர் அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்து மிளகு ரசம் கேட்டார். அதற்குப் பிறகு கிளப்பில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது: அபசகுனம் தேறாது என்றால் அது தீர்க்காயுசு. வாட்ச்மேன் தன் நோஞ்சான் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சியதை நான் கண்ணால் பார்த்தேன். சிரித்தோம். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. விமானத்தைக் கழுவி, இறக்கைக் கம்புகளில் வாழைக்கன்று கட்டி, மூக்கில் மாலை போட்டாயிற்று. பூஜை செய்வது எப்போதும் அபசகுனம்தான். அந்த ஒரு நாளில் அவர் ஆயுதம் என்று எதையும் தொட மாட்டார், யாரையும் தொட விடவும் மாட்டார். முந்தின வருஷம் நான் மறதியாகப் பென்சில் சீவ பிளேடை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "அதுங்களுக்கும் ஒரு நாள் லீவு வேணுங்க. நாளைக்கு மறுபூஜை ஆனப்புறம் சீவிக்குங்க" என்றார். சுத்தியல், டிரில், ரிவெட் சாமான் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன.

இன்ஜின் மூடியைத் திறந்து, சிலிண்டர் தவறாமல், தகடு தவறாமல் தன் கையாலேயே சந்தனம் பூசினார். தீபாராதனை ஆயிற்று. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் நின்றோம். குங்குமம் வைக்க மறுபடி இன்ஜினிடம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கடைசி சிலிண்டர் தகட்டில், காய்ந்துகொண்டிருந்த சந்தனத்துக்கு நடுவே மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு. உள்ளே ஒளிந்திருந்த விரிசலில் தங்கியிருந்த இன்ஜின் எண்ணெய் கசிந்து சந்தனத்தில் ஊறியிருந்தது.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் நல்ல நேரத்தில் மறுபூஜை, கையோடு விமானம் கிளம்ப வேண்டும், பிறகு ராகு காலம். புது மாணவர்களைப் பெற்றவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களை ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம் உண்டு. அதற்கு, பயிற்சி கொடுக்கிற கேப்டனோடு முன் ஸீட்டில் கனத்துக்காக ஓர் ஆள் வேண்டும். மணல் மூட்டை வைப்பதற்குப் பதிலாக என்னை ஏற்றுவதாகக் கேப்டன் சொல்லியிருந்தார். நான் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

"பின்தகடு விரிசல் விட்டிருக்குதுங்க. நாளைக்குத் தாங்காது" என்றார் அபசகுனம்.

செக்ரட்டரி முகம் மலர்ந்தது. "தாங்காதுன்னுட்டீரோல்லியோ? அப்போ நூறு வருஷம் தாங்கும். சுண்டல் எடுத்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் பூஜைக்குச் சொந்த ஊர் போயிருந்தார். அபசகுனம் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"நாளைக்கு நீங்கதானே ஏறுறீங்க?"

"ஆமாங்க."

அவர் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, இலையிலிருந்து டிரில்லை எடுத்தார்.

செக்ரட்டரி கையிலிருந்த குடையை நீட்டினார். "ஓய், இது அபசாரம். தாயார் முன்னாடி வெச்சதைத் தொட்டீர்னா நாளையிலேருந்து இந்தப் படி ஏறாதீர்."

"சரிங்க" என்றார் அபசகுனம்.

ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். பாவத்தில் பங்கு கேட்பானேன் என்ற பயம். நான் மட்டும் ஆறிப்போன சுண்டலோடு நின்றேன். ஓட்டை போட்டார். சோப்புத் தேய்த்துச் சூடு காட்டினார். ஒட்டுத் தகட்டை வளைத்து ரிவெட் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் முன்னால், "தாயே" என்று ஒரு வார்த்தை. கன்னத்தில் வழிந்தது வேர்வைதான் என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் கேட்டேன், "தாங்குங்களா?"

"எங்கங்க தாங்கப் போவுது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை பறந்தேன். மலைக்கோட்டை ஒரு கூழாங்கல்லாக இருந்தது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம், அதில் அப்போது இன்னும் கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரம். இன்ஜின் ஒரு தடவைகூடச் சுருதி தப்பவில்லை. இறங்கியதும் செக்ரட்டரி எனக்கு மாலை போட்டு, "பார்த்தேளா, ஒண்ணும் ஆகலை. இதுக்குப் போய் அந்த மனுஷன் சாமி குத்தம் பண்ணினார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அபசகுனம் படி ஏறவில்லை. வேலிக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் பையோடு நின்றிருந்தார். நான் மாலையோடு ஓடினேன்.

"இறங்கிட்டீங்களா?" என்றார்.

"இறங்கிட்டேங்க. வாங்க, செக்ரட்டரிகிட்ட நான் பேசறேன்."

"என்னன்னு பேசுவீங்க? ஒண்ணும் ஆகலைன்னு பேசுவீங்களா?"

அந்தத் தகடு வானத்தில் உடைந்திருந்தால் அவர் சொன்னது மெய்யாகியிருக்கும். நான் இருந்திருக்க மாட்டேன். உடையாதபடி செய்தார், பொய்யரானார். பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

பிறகு ஸ்ரீரங்கத்தில் இரண்டு மூன்று தெருக்களில் விசாரித்தேன். மகளோடு வடக்கே போய்விட்டார் என்றார் ஒருவர். போயே போய்விட்டார் என்றார் இன்னொருவர். நான் முதலாமவரைத்தான் நம்பினேன்.

அவரால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு என்னிடம் ஒரு ருசுவும் கிடையாது. ஆனால் என் பேரன் பேத்திகளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.