உயிருடன் தோன்றும் கேசரிக் கரடி

ஜொகூர் மாநிலத்தில் கூலாய்க்குப் பக்கத்திலிருந்த ஒரு தொழிற்சாலை, மேலிடத்தின் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இயந்திரங்களை எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. விடப்பட்டவர்களில் சிலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் சாலையோரம் பலகாரக் கடை போட்டார்கள். குணாளன் கரடியானான்.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. முறையாக விளம்பரம் பார்த்து, முறையாக நேர்முகத் தேர்வுக்குப் போய், முறையாகக் கிடைத்த வேலை அது.

முப்பது வருடங்களுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ‘கேசரிக் கரடி’ என்றொரு சித்திரத் தொடர் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கரடி. பச்சைக் கால்சட்டை, ஊதாக் குடை. அழுகிற பிள்ளைகள் எங்கிருந்தாலும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு பறந்து வந்து இறங்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டி, முழங்கால் வலியும் வீட்டுக்கடனும் உள்ள பெரியவர்களாகிவிட்டார்கள். ஆகவே அந்தக் கரடியை அவர்களுக்கே மறுபடியும் விற்கலாம் என்பது தெளிவாயிற்று. பழைய சித்திரத் தொடர்களை ஆட்களை வைத்துப் படமாக எடுப்பதுதான் இப்போதைய நாகரிகம். கோடுகளாய், லேசாய், காற்றில் பறந்துகொண்டிருந்த ஒன்றை, வேர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கும் மனிதர்களைக் கொண்டு செய்து காட்டினால் அதற்குக் கலை என்று பெயர்.

படத்தைப் பணம் போட்டு எடுத்தவர் முருகப்பன். ஜொகூர் பாருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கடையில் விற்காமல் கிடந்த பெயிண்ட் டின்கள் அத்தனையும் படப்பிடிப்புக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வகையில் அது வண்ணமயமான குடும்பப் படமாக அமைந்துவிட்டது.

தேர்வு பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. கரடி உடுப்பு முன்கூட்டியே சீனாவிலிருந்து வந்துவிட்டதால், நடிப்பைச் சோதிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. யாருக்கு ஜிப் ஏறுகிறதோ அவர்தான் கதாநாயகன். குணாளனுக்கு ஏறியது.

அவனுக்கு அது சாதாரண விஷயமில்லை. கோயில் திருவிழா நாடகங்களில் இருபது வருடமாக அவன் வாயில்காப்போன். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ராஜா கூப்பிட்டால் குனிவான். பேச்சு கிடையாது. கேசரிக் கரடிக்கோ பேச்சு உண்டு. “அழாதீங்க பிள்ளைங்களா, அண்ணன் வந்துட்டேன்!” என்று கரடி சொல்வது அந்தக் காலத்தில் ஜொகூர் முழுக்கப் பிரசித்தம். குணாளன் அதைக் குளியலறையில் உரக்கச் சொல்லிப் பழகினான். மெதுவாகச் சொல்லிப் பழகினான். அழுகிற மாதிரியும் ஒருதரம் சொல்லிப் பார்த்தான்.

“பக்கத்து வீட்டு அங்கிள் என்ன ஆச்சுன்னு கேக்குறாரு லா,” என்றாள் அவன் மனைவி கஸ்தூரி. ஆனாலும் தன் தங்கச்சிமார் எல்லாருக்கும் போன் போட்டு, “படத்துல உங்க மாமா குரல் வருது,” என்று சொல்லி வைத்தாள்.

படப்பிடிப்பு கூலாயில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தொடங்கியது. வெயில் காய்ந்தது. உடுப்புக்குள் குணாளன் வெந்தான். காலையில் போட்டால் மாலையில்தான் கழற்றலாம். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தான். விழுந்தது இயற்கையாக இருந்ததென்று இயக்குநர் அதைப் படத்திலேயே வைத்துக்கொண்டார்.

“ஒரு கூடாரம், ஒரு காத்தாடி போடக்கூடாதாம்மா?” என்று நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த லோஷினியிடம் கேட்டான்.

“அண்ணே, எனக்கே உக்கார நாற்காலி இல்லண்ணே,” என்றாள் அவள். அது உண்மை. காலையிலிருந்து ஓடிக்கொண்டேயிருந்தாள்.

இப்படியிருக்கையில், செம்பனை மரத்தில் சாய்ந்துகொண்டு ஓர் ஆரஞ்சுக் கரடி சிகரெட் குடிப்பதாக நெடுஞ்சாலையில் போன லாரிக்காரர் ஒருவர் புகார் கொடுத்தார். அதன்பேரில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார்.

அவர் பெயர் ஜெயபாலன். ‘திரைப்படப் பிராணிகள் நல்வாழ்வுத் துணை வாரிய’த்தின் மண்டல மேற்பார்வையாளர். அப்படியொரு வாரியம் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. வாரியத்துக்கும் அதுவரை ஒரு பிராணியும் கிடைத்ததில்லை. முதன்முதலாக ஒரு கரடி. விடுவாரா?

“இங்க கரடி யாரு?”

குணாளன் கையைத் தூக்கினான்.

“சார், உள்ள ஆள் இருக்காரு. வெறும் உடுப்பு,” என்று லோஷினி ஓடி வந்தாள்.

“உங்க படப்பிடிப்பு அனுமதி விண்ணப்பத்துல ‘இப்படத்தில் கரடி உயிருடன் தோன்றும்’னு இருக்கே. நானா எழுதினேன்?”

“அது லைவ் ஆக்‌ஷன் சார், ஆளை வச்சு எடுக்குற படம். அப்படித்தான் மொழிபெயர்க்க முடிஞ்சுச்சு.”

“உயிரோடயா, உயிர் இல்லாமலா?”

“உயிரோடதான், ஆனா…”

“அப்புறம் என்ன ஆனா?”

குணாளன் கரடித் தலையைக் கழற்றினான். “நான் மனுசன் சார். இந்த ஊருதான்.”

ஜெயபாலன் அவனைப் பரிவோடு பார்த்தார். “தம்பி, நீங்க மனுசன்னு எனக்கு நல்லாத் தெரியுது. ஆனா எனக்குத் தெரியறது வேற, வாரியத்துக்குத் தெரியறது வேற. பேரு என்ன?”

“குணாளன்.”

“கரடி பேரு.”

“கேசரி.”

“கேசரின்னா சிங்கம். உருவம் கரடி, பேரு சிங்கமா?”

“இது திங்கிற கேசரி சார்,” என்றாள் லோஷினி.

“திங்கிறதா? அப்ப உணவுப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பணும்.”

விண்ணப்பத்தை மாற்றி எழுதுவதென்றால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பதில் வர மாதக்கணக்காகும் என்றார் ஜெயபாலன். செய்தி கேட்டு முருகப்பன் காரில் பறந்து வந்தார். “ஐயோ, அலமாக், எதுக்கு சார் அதெல்லாம்? கரடின்னே இருக்கட்டும்!” என்றார். இவ்வாறாக குணாளன், குணாளனைத் தவிர ஏனைய அனைவரின் ஒப்புதலுடனும், கரடியாகப் பதிவு செய்யப்பட்டான்.

அவனுக்கு மானம் போனது போலிருந்தது. கஸ்தூரியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, ஜெயபாலன் தொண்டையைச் செருமி விதிகளை வாசித்தார். மேற்படி பிராணி வெயிலில் நிறுத்தப்படலாகாது. மேற்படி பிராணிக்குக் குளிரூட்டிய கூடாரம், தூய குடிநீர், பருவத்துக்கேற்ற பழங்கள் வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் மேற்படி பிராணி விரும்பும் வரை ஓய்வெடுக்கலாம். மேற்படி பிராணியின் அருகில் எவரும் குரலை உயர்த்தலாகாது.

மத்தியானம் கஸ்தூரி போன் செய்தாள். “வேலையிலயா இருக்கீங்க?”

“ஆமா. படுத்துக்கிட்டு தர்ப்பூசணி சாப்பிடுறேன்.”

மற்றவர்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் லோஷினி ஜெயபாலன் முன்னால் போய் நின்றாள்.

“என்னையும் பதிஞ்சிடுங்க சார்.”

“நீங்க என்ன பிராணி?”

“நாள் பூரா ஓடுறேன். குதிரைன்னு போடுங்க.”

ஜெயபாலன் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஓடுவது உண்மையென்று விசாரித்து உறுதி செய்துகொண்டு, பதிந்தார். விளக்குக் கட்டுபவர் ஏணியில் ஏறுவதால் குரங்கானார். தன் காதுக்கு எல்லாம் கேட்கிறது என்றதால் ஒலிப்பதிவாளர் வௌவால். இயக்குநரால் தான் என்னவென்று சாயங்காலம் வரை முடிவுசெய்ய முடியவில்லை. ‘இனம் புலப்படாதது’ என்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வாரியத்தின் புள்ளிவிவரம் ஒரே வாரத்தில் கிடுகிடுவென்று உயர்ந்தது. தலைமையகத்திலிருந்து ஜெயபாலனுக்குப் பாராட்டு வந்தது.

ஒரு சின்னச் சிக்கல். பிராணிகளைப் பராமரிக்க ஒரு மனிதராவது இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்தத் தோட்டத்தில் மிச்சமிருந்த மனிதர் முருகப்பன் ஒருவர்தான். அதிகாரியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. முருகப்பன் பப்பாளி நறுக்கினார். தண்ணீர் மாற்றினார். மின்சாரம் போனபோது அட்டையை வைத்து விசிறினார். தன் சம்பளக்காரர்கள் அத்தனை பேருக்கும் விசிறிய முதலாளியை அந்த மாவட்டம் அதுவரை கண்டதில்லை.

கரடி பேசும் காட்சியை எடுக்கும் நாள் வந்தது. குணாளன் கரடித் தலையை மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு நின்றான்.

“நிறுத்துங்க!” என்றார் ஜெயபாலன், குரலை உயர்த்தாமல். “பிராணியை அதன் இயல்புக்கு மாறாகப் பேச வைப்பது துன்புறுத்தல். கரடி பேசக்கூடாது. வாயை மட்டும் அசைக்கலாம்.”

“அப்ப வசனம்?” என்று குணாளன் தலையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

“அதுக்கு வெளியிலேருந்து ஒரு மனுசனைக் கூப்பிட்டுக்கலாம்.”

கோலாலம்பூரில் நல்ல குரல் உள்ள வானொலிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று முருகப்பனுக்கு உடனே ஞாபகம் வந்தது.

“தம்பி, நான் அநியாயம் பண்ற ஆளு இல்ல,” என்றார் ஜெயபாலன். “பேசுற பிராணி பிராணி இல்லைன்னும் ஒரு விதி இருக்கு, நேத்துதான் பார்த்தேன். ஆட்சேபணை இருந்தா வாய் விட்டுச் சொல்லுங்க. இப்பவே பதிவை ரத்து பண்ணிடுறேன். கூடாரத்தையும் கழட்டிடலாம். அப்புறம் மத்தவங்க பதிவையும் ஒருதரம் சரிபார்க்க வேண்டியிருக்கும்.”

எல்லாரும் குணாளனைப் பார்த்தார்கள். லோஷினி வீங்கிய காலைத் தலையணை மேல் வைத்திருந்தாள். வேண்டாம் அண்ணே என்று அவள் கண் கெஞ்சியது. விளக்குக்காரர் பாதி உரித்த ரம்புத்தான் பழத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கூடாரத்துக்கு வெளியே வெயில் கொளுத்தியது. குணாளன் இருபது வருட ஈட்டியை நினைத்தான். கஸ்தூரியின் தங்கச்சிமாரை நினைத்தான். வாயைத் திறந்தான்.

முருகப்பன் அதில் ஒரு துண்டு பப்பாளியை வைத்தார்.

நன்றாகப் பழுத்த பப்பாளி. குணாளன் மென்றான்.

அதன் பிறகு படப்பிடிப்பு வெகு சுமுகமாக நடந்தது. கூடுதல் நேரம் பற்றியோ சாப்பாடு பற்றியோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மனிதராகிவிடும் அபாயம் இருந்தது. முதலில் விசிறச் சலித்த முருகப்பன், இந்த அமைதியைக் கேட்கக் கேட்க, இன்னும் கொஞ்சம் விசிறலாம் என்றே நினைத்தார்.

படம் வெளியானது. ஜொகூர் பாருவில் முதல் காட்சிக்கு அரங்கம் நிரம்பியது. பிராணிகளைப் பரிவுடன் நடத்தியதற்காக வாரியம் தங்கச் சான்றிதழ் வழங்கியது. சிறப்பு விருந்தினரான ஜெயபாலன் முன்வரிசையில் முருகப்பனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். குணாளன் கஸ்தூரியோடு நடுவரிசையில் இருந்தான்.

திரையில் ஆரஞ்சுக் கரடி ஊதாக் குடையோடு இறங்கி வாயைத் திறந்தது. வெல்லப்பாகு போன்ற ஒரு குரல், “அழாதீங்க பிள்ளைங்களா,” என்றது.

கஸ்தூரி அவன் பக்கம் திரும்பினாள். “இது யாரு? உங்க குரல் எங்க?”

குணாளன் எழுந்து நின்றான். “அது என் குரல் இல்ல! நான்தான்…”

“ஷ்ஷ்! உக்காருங்க லா!” என்று பின்னாலிருந்து சீறினார் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு சிவக்க அழுதுகொண்டிருந்தார். “எங்க சின்ன வயசைக் கெடுக்காதீங்க!”

நாலாபுறமும் ஷ்ஷ் என்றது. குணாளன் உட்கார்ந்தான். கஸ்தூரி சோளப்பொரி வாளியை அவன் மடியில் நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கை தானாக அதற்குள் போயிற்று.

என்ன சத்தம் என்று ஜெயபாலன் திரும்பிப் பார்த்தார். அரங்கம் ஜில்லென்று இருட்டாக இருந்தது. வரிசை வரிசையாக மெத்தை இருக்கைகள். ஒவ்வொரு மடியிலும் தீனி. எல்லா வாயும் அசைந்தது, ஒரு வாயும் பேசவில்லை. கதவுக்கு மேலே ‘பேசக்கூடாது’ என்ற அறிவிப்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அவர் நெடுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தில் கடமையின் கடுமை படர, முருகப்பன் பக்கம் சாய்ந்தார்.

“இத்தனை உருப்படிக்கும் அனுமதி யாருகிட்ட வாங்கினீங்க?”