சர்க்காருக்கு ஒரு மொய்

அரசாங்கத்திடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தே தீருவேன் என்று வழி தேடி அலைந்தவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் திருப்பூரில் எங்கள் நல்லூர் வீதியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கலூர்க்காரர். வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டு, கோவை ஜெயிலில் சில வருஷம் இருந்து வந்தவர். அப்படி என்ன கோபம் என்று கேட்டால், "கோவந்தானுங்க. ஆனா மரியாதை கொறையலைங்க. 'தள்ளி நில்லுங்க, அடி பட்ரும்'னு சொல்லிப்போட்டுத்தான் அடிச்சேனுங்க" என்பார். பங்காளி தள்ளி நிற்கவில்லை.

விடுதலையானவர்கள் தொழில் தொடங்க அரசு தரும் உதவித்தொகையில்தான் தள்ளுவண்டியும் இஸ்திரிப் பெட்டியும் வாங்கினார். ஜெயிலுக்குப் போனதை ஊரில் எல்லோரும் மறைப்பார்கள். இவரோ கோயில் டியூப்லைட்டில் எழுதுவார்களே, அதுபோல வண்டியின் நெற்றியில் 'உபயம்: அரசாங்கம்' என்று பெயின்ட் அடித்து, கீழே 'சிறை மீண்டோர் உதவி' என்றும் போட்டுக்கொண்டார். அன்று முதல் வீதிக்கு அவர் 'சர்க்காரு' ஆகிவிட்டார்.

சிக்கல் மகள் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். ஜெயில் விஷயத்தை அவர்களிடம் சொல்ல வேண்டிய வேலையைக்கூட வண்டியே பார்த்துக்கொண்டது. சர்க்காருதான் தேதி குறிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அரசாங்கம் கொடுத்தது மொய்யாம். வாங்கிய மொய்யைத் திருப்பாமல் நம் வீட்டில் விசேஷம் வைப்பது கேவலமாம். அது உதவித்தொகை, திருப்ப வேண்டியதே இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"ஒண்ணுமில்லாம நின்னப்ப வெச்ச மொய்யிங்க அது. அதை நிக்க உட்டுப்போட்டு, எந்த மூஞ்சிய வெச்சுட்டு நாலு பேரைக் கூப்புடறதுங்க?"

மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்க்கக் கிளம்புவதாகப் பேச்சு வந்தது. அவர் மனைவி என்னிடம் வந்து அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இஸ்திரிப் பெட்டியை சர்க்காருவின் தலையிலேயே வைத்திருப்பேன்.

சரி, அரசாங்கத்துக்கு எப்போது விசேஷம் வரும்? பேப்பரில் 'சுதந்திர தின விழா' என்று போட்டிருந்ததைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் மொய்க் கவர். கலெக்டர் கொடியேற்றும் இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் மொய் எழுதும் மேஜை எங்கே என்று பணிவாகக் கேட்டார். போலீஸ்காரர் கவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். லஞ்சம் கொடுத்தால் எத்தனை வருஷம் என்று நான் மனசுக்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நல்லவேளையாக, அவருக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்த நன்னடத்தை அலுவலர் அம்மாள் அங்கே இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சர்க்காருவின் முகத்தைப் பார்த்தார். அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது.

"நாளைக்குத்தான் சர்க்கார் வீட்டு விசேஷம். கோவை ஜெயில்ல இருந்து ஒருத்தர் வெளிய வர்றார். உதவித்தொகை கைக்கு வர இன்னும் நாளாகும். கூட்டிட்டுப் போகவும் ஆளில்ல. உங்க மொய்யை அங்க வைங்க."

மறுநாள் அதே வேட்டி, அதே தட்டுடன் ஜெயில் வாசலில் நின்றார். வெளியே வந்த மனிதர் தட்டைக் கண்டு மிரண்டு, திரும்பவும் உள்ளே போகப் பார்த்தாராம். சர்க்காரு அவரைப் பிடித்து நிறுத்தி, கவரைக் கையில் வைத்து, பஸ் ஏற்றித் தன் வீட்டுக்கே சாப்பிடக் கூட்டிவந்துவிட்டார்.

அந்த வாரமே தேதி குறித்தார்கள். எனக்கோ ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூரில் எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகையெல்லாம் ஆபீஸ் மேஜையில் போட்டுவிட்டுப் போனவைதான். சர்க்காரு மனைவியோடு என் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து முதல் பத்திரிகையை நீட்டினார்.

"எங்கூட்டுக் கல்யாணமுங்க. மின்னாடியே வந்து நின்னு நீங்கதான் நடத்திக் குடுக்கோணுமுங்க."

மூன்று நாள் லீவு போட்டேன். என் சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு போட்டதில்லை.