கொரில்லாப் பாடம் நடத்திய நாள்

நேர்காணலில் பேச்சு வராமல் தோற்றவர்கள் உண்டு. நான் பேசித் தோற்றவன்.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் வேலை காலி என்று கேள்விப்பட்டேன். அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். டியூஷனை நம்பித்தான் குடும்பம். சட்டை கசங்கக் கூடாதென்று திருநகரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். (சீட் காலியாகத்தான் இருந்தது.)

வந்திருந்தது இரண்டே பேர். நானும், கோச்சடையிலிருந்து வந்த ஜெசிந்தாவும். ஒருவர் மாதிரி வகுப்பு எடுக்கும்போது மற்றவர் மாணவராக உட்கார வேண்டும். தலைமையாசிரியை சிஸ்டர் பின்வரிசையில் இருந்து மதிப்பெண் போடுவார்.

எனக்கு வந்த தலைப்பு கொரில்லாப் போர். போர்களைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். யாரும் கேட்காமலே, அந்தச் சொல் எப்படி வந்தது என்று விளக்கத் தொடங்கினேன். கொரில்லாக் குரங்கு புதரில் பதுங்கியிருந்து, எதிரி அசந்த நேரம் பாய்ந்துவிட்டுக் காட்டுக்குள் மறைந்துவிடும், அதைப் பார்த்துத்தான் வீரர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றேன். நெஞ்சில் இரண்டு முறை குத்தியும் காட்டினேன்.

ஜெசிந்தா கையைத் தூக்கினார்.

"சார், அது ஸ்பானிஷ் வார்த்தைன்னு படிச்சிருக்கேன். 'கெர்ரா'ன்னா போர், 'கெரில்லா'ன்னா சின்னப் போர். நெப்போலியன் படையை ஸ்பெயின் ஊர்க்காரங்க மறைஞ்சு நின்னு அடிச்சப்பதான் இந்தப் பேரு பரவுச்சு. அதைத்தான் சொல்ல வாரீங்களா சார்?"

எனக்குப் போட்டியாக வந்தவர் எனக்கே கயிறு வீசுகிறார். ஒரு 'ஆமாம்மா' போதும், கரையேறியிருப்பேன்.

"அதெல்லாம் இல்லம்மா. கண்டதையும் படிக்கக் கூடாது. உக்காரு" என்றேன்.

சிஸ்டர் ஆங்கில அகராதியை வரவழைத்து, என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சின்னப் போர் இருந்தது. குரங்கு அந்தப் பக்கத்திலேயே இல்லை.

வேலை ஜெசிந்தாவுக்குப் போனது. அதுதான் நியாயம். ஆனால் ஆறு மாதம் கழித்து இன்னோர் இடம் காலியானபோது, "அன்னைக்கு வந்தவரு நல்லா நடத்துவாரு சிஸ்டர். குரங்கு மட்டுந்தான் தப்பு" என்று என் பெயரைச் சொன்னது அவர்தான். 'உக்காரு' என்று அதட்டியவனுக்கு, ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். வருஷக்கணக்காக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், என் மனைவி வாதாடுவதில்லை. "ஜெசிந்தா மிஸ்ஸுக்குப் போன் போடவா?" என்பாள். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். போடச் சொல்வேன். அந்தப் பக்கம் அவர் "சார், அது வந்து..." என்று தயங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இந்தத் தடவையும் நான்தான் தப்பு என்று.