ஒரு நாள் நரம்பு நிலையம்

கடை வாசலில் ஏணி போட்டு ஏறி நின்று, தன் பெயர்ப்பலகையில் இருந்த 'மசாஜ்' என்ற சொல்லை வெள்ளைப் பெயிண்டால் அழித்துக்கொண்டிருந்தான் முனிகிருஷ்ணன். தமிழில் இருந்ததை அழித்தாகிவிட்டது. தெலுங்கில் இருந்தது பாதி போயிருந்தபோது ஏணி ஒரு ஆட்டம் ஆடியது. முனி கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பதி மலை மேல் இருக்கும் பெருமாளைக் கூப்பிட்டான்.

"நான் புடிச்சிக்கினு கீறேன் தம்பி, பயப்படாத," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

குனிந்து பார்த்தான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர், மடித்துக் கட்டிய வேட்டி, கக்கத்தில் குடை.

"தரகர் ஜெயச்சந்திரன் அனுப்பன ஆளாண்ணா?"

"அட்ரஸ் அவருதான் குடுத்தாரு. என் பேரு துலுக்காணம்."

முனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல வேளையா வந்தீங்கண்ணா! நேரம் இல்ல. அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கொஞ்சம் எடுங்க," என்றான்.

முனிகிருஷ்ணன் பாலசமுத்திரத்துக்காரன். வயது முப்பத்து நான்கு. சென்னையில் கடற்கரையோரம் ஒரு பெரிய ஓட்டலில் எட்டு வருடம் வெளிநாட்டுக்காரர்களின் முதுகுகளை வழிக்குக் கொண்டுவந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்பு திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகிற சாலையில் சொந்தமாகக் கடை போட்டான். இடம் பார்த்ததில் ஆள் கெட்டிக்காரன்தான். மலைக்கு நடந்தே படியேறிய பக்தர்கள் கீழே இறங்கி வந்ததும் தங்கள் கால் எங்கே என்று தேடுவார்கள். முனி அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பான்.

தொழில் நன்றாகத்தான் நடந்தது. கல்யாணம்தான் நடக்கவில்லை. இதுவரை ஏழு பெண் பார்த்தாயிற்று. "மாப்பிள்ளைக்கு இன்னா வேலை?" என்று கேட்பார்கள். "மசாஜ்" என்பான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நகரியில் ஒரு வீட்டில், கையில் கொடுத்த பஜ்ஜித் தட்டையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாதி பஜ்ஜி வாயில் இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எட்டாவதாக வந்திருப்பது சத்தியவேட்டுப் பெண் காஞ்சனா. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லைன் லீடர்; ஒரு வரிசை ஆட்களை மேற்பார்வை பார்க்கிற வேலை. போட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு, 'எடுத்தாச்சா, நான் போகலாமா' என்று போட்டோக்காரனைக் கேட்பவள் மாதிரி நின்றிருந்தாள். முனிக்கு அந்த நிற்பு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் அமையவில்லை என்றால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மா செல்லியம்மாவிடம் சொல்லிவிட்டான்.

நேற்று சாயங்காலம் கல்யாணத் தரகர் போன் செய்தார். "முனி, ஒரு சின்னப் பொய் சொல்லிகீறேன். உன்ன நரம்பு டாக்டர்னு சொல்லிட்டேன். நாளைக்குப் பொண்ணு வீட்டுலேர்ந்து ஒருத்தரு சொல்லாம கொள்ளாம வந்து நோட்டம் பாப்பாரு. கஸ்டமர் மாதிரிதான் வருவாரு. யாருன்னு எனக்கும் தெரியாது. உனக்கு ஒத்தாசையா காலையிலயே என் ஆளு ஒருத்தன் வருவான். ரெண்டு பேரும் சேந்து சமாளிங்க."

மாப்பிள்ளையை நோட்டம் பார்க்க ஆள் அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே இரவில் நரம்பு டாக்டர் ஆவது எப்படி?

இவ்வளவையும் ஏணியில் நின்றபடியே முனி கொட்டித் தீர்த்தான். துலுக்காணம் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு முறை இருமினார். கடைசியில், "அழிச்ச எடத்துல 'நரம்பு நிலையம்'னு எழுது. மொட்டையா கீது," என்றார்.

எழுதினான். 'நரம்பு' நன்றாக வந்தது. 'நிலையம்' இடம் போதாமல் சுவரில் இறங்கிவிட்டது.

உள்ளே வந்ததும் துலுக்காணம் மூக்கை உறிஞ்சினார். "தம்பி, எந்த டாக்டர் ரூமுல இவ்ளோ எண்ணெ வாசன வரும்?"

முனி எண்ணெய்ப் பாட்டில்களை எல்லாம் குளியலறைக்குள் ஒளித்துவைத்தான். வாசனை போகவில்லை. ஒரு பாட்டில் பினாயிலை அப்படியே தரையில் கொட்டினான். மூன்று வருட எண்ணெயும் ஒரு பாட்டில் பினாயிலும் கலந்து தரை கண்ணாடியாகிவிட்டது. பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கடையில் இரவல் வாங்கிப் போட்ட வெள்ளைக் கோட்டின் கை முழங்கைக்கு மேலே நின்றது.

"ஆளு வர்றதுக்குள்ள ஒரு ஒத்திகை பாத்துடலாம்," என்றார் துலுக்காணம், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து. "இப்ப நான் பொண்ணு வீட்டு ஆளு. கேள்வி கேக்கறேன். மொதல்ல உண்மையச் சொல்லு. உண்மை தெரிஞ்சாத்தானே அதுக்குத் தோதா பொய் ஜோடிக்க முடியும்?"

முனிக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

"குடிப்பியா?"

"மெட்ராஸ்ல பீர் குடிச்சிகீறேண்ணா. மூணு வாட்டி. ரெண்டு பாட்டில்."

"மூணு வாட்டிக்கு ரெண்டு பாட்டிலா?"

"மூணாவது வாட்டி கூட இருந்தவன் புடுங்கிக்கினான்."

"சரி. குடிச்சதே இல்லன்னு சொல்லு."

"குடிச்சதே இல்லண்ணா." சொல்லும்போது முனியின் இரண்டு கண்களும் படபடவென்று கொட்டின.

"ஏன் கண்ணைக் கொட்டற?"

"பொய் சொன்னா தானா கொட்டுதுண்ணா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

"அப்ப சுவத்தப் பாத்துச் சொல்லு. லேடீஸ் வருவாங்களா இங்க?"

"வருவாங்க. ஆனா நான் பாக்க மாட்டேன். வாரத்துல ரெண்டு நாளு அம்சவேணி அக்கா வருவாங்க, அவுங்கதான் பாப்பாங்க. அன்னைக்கு நான் வெளிய ஒக்காந்துக்குவேன்."

துலுக்காணம் தலையை ஆட்டினார். "இதுக்குப் பொய் வேணாம். அப்படியே கெடக்கட்டும். நெலம் நீச்சு?"

"அம்மா பேர்ல அரை ஏக்கர். எங்க வம்சத்துலயே ஒரு சாண் மண்ணு யாருக்கும் இருந்ததில்லண்ணா. நைனா கடைசி வரைக்கும் அடுத்தவன் கழனியிலதான் சேறு மிதிச்சாரு." முனி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். "இந்தக் கைய வெச்சித்தான் வாங்கனேன்."

சொல்லும்போது அவனுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அஞ்சு ஏக்கர்னு சொல்லு," என்றார் துலுக்காணம்.

முனி சுவரைப் பார்த்தான். "அஞ்சு... அரை... அஞ்சரை ஏக்கர்ணா!"

துலுக்காணம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வியர்வை துடைக்கிறார் என்று முனி நினைத்தான்.

அந்த நேரம் பார்த்து ரமணா உள்ளே வந்தான். மலைப்பாதையில் கார் ஓட்டுகிற தெலுங்குக்காரன். வாரா வாரம் தோள்பட்டைக்கு வருகிறவன். "முனியண்ணா!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வைத்த கால், அவனைக் கேட்காமலேயே முன்னால் போய்விட்டது. தடாலென்று விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினான். "ஏமன்னா இதி? நேலந்தா ஜாருதுந்தி!"

தரை வழுக்குகிறது என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவன்தான்.

இரண்டு பேருமாகத் தூக்கித் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்தார்கள். முனியின் கை தானாக அவன் இடுப்புக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டான். நோட்டம் பார்க்கிறவர் எந்த நிமிஷமும் வரலாம். "கொஞ்ச நேரம் பொறுத்துக்க ரமணா. மெதுவா முனகு. இன்னைக்கு நான் டாக்டரு."

"ஏமைந்தி நீக்கு?" உனக்கு என்ன ஆயிற்று என்று ரமணா நிஜமான கவலையோடு கேட்டான்.

பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. தங்க பிரேம் கண்ணாடி, புதிதாக அடித்த மொட்டையில் சந்தனம், ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற பெரியவர். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்ததால் விழாமல் தப்பித்தார்.

"நரம்பு நிலையமா? நல்லதாப் போச்சு. நானும் டாக்டர்தான், வேலூர்ல முப்பது வருஷமா பிராக்டிஸ். படியேறினதுல ஆடுதசை கல்லாட்டம் ஆயிடுச்சு."

முனி துலுக்காணத்தைத் தனியே இழுத்தான். "இவர்தாண்ணா! டாக்டர் வேஷத்துல வந்து டெஸ்ட் பண்றாரு!"

"யாரு கண்டா? விடாத, பேசு," என்றார் துலுக்காணம்.

முனி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தான்.

"எங்கே படிச்சீங்க?" என்றார் பெரியவர்.

"மெட்ராஸ்ல சார்."

"எந்த காலேஜ்?"

"பீச் ஓரமா கீது சார்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் முனி. "உங்களுக்கு நரம்பு சுருண்டுகிச்சு. ஸ்கேன் எடுக்கணும்."

"எந்த நரம்பு?"

முனி யோசித்தான். "பெரிய நரம்பு சார்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். முனியின் கண்கள் படபடவென்று கொட்டின. திரைக்குப் பின்னாலிருந்து ரமணாவின் குரல் கெஞ்சியது. "அன்னா, நூனெ பெட்டி பிசுகு அன்னா, எப்புடூ சேசேட்டு!"

வேலூர்க்காரருக்குத் தெலுங்கு தெரிந்திருந்தது. "எப்பவும் போல எண்ணெய் போட்டுப் பிசையச் சொல்றானே, யாரவன்?" என்று எழுந்து திரையைப் பார்க்க இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடி பினாயிலில். விழவில்லை. ஆனால் தடுமாறி நின்ற வேகத்தில் ஆடுதசை சுண்டிப் பிடித்துக்கொண்டது. "ஐயோ!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, மொட்டைத் தலைச் சந்தனம் வியர்வையில் கரைந்தது.

முனி ஒரு விநாடிதான் நின்றான். பிறகு கோட்டைக் கழற்றித் துலுக்காணத்தின் மேல் எறிந்துவிட்டு மண்டியிட்டான். "காலை விறைக்காதீங்க சார். மூச்ச விடுங்க. கட்டவெரல உங்க பக்கமா இழுக்கறேன், வலிக்கும், பொறுத்துக்கோங்க. அண்ணா, குளிக்கற ரூமுல எண்ணெ கீது, எடுத்துக்கினு வாங்க!"

துலுக்காணம் ஓடினார். அதற்குப் பிறகு முனி எதையும் யோசிக்கவில்லை. எட்டு வருடமும் மூன்று வருடமும் கையில் இருந்தன. தசை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று விரல்கள் தேடிப் பிடித்தன. அழுத்தி, விட்டு, நீவி, மறுபடி அழுத்தி, கால் மணி நேரத்தில் கல் இளகியது.

"சார், நான் டாக்டரு இல்ல," என்றான், நீவிக்கொண்டே. "மசாஜ்காரன். காலையிலதான் போர்ட அழிச்சேன். அஞ்சரை ஏக்கர் இல்ல, அரை ஏக்கர்தான். காஞ்சனா கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"அஞ்சரை ஏக்கரா? காஞ்சனா யாருப்பா?"

முனி நிமிர்ந்து துலுக்காணத்தைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் நிஜமாகவே டாக்டர்தான். எழுந்து சுவர் வரைக்கும் நடந்து, திரும்பி நடந்து பார்த்தார். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு எதுக்குய்யா டாக்டர் வேஷம்?" என்று திட்டிவிட்டு, கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டு, தரையைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார். அடுத்து ரமணாவின் இடுப்பு. அவனும் எழுந்து, "டாக்டர் பனி மனகொத்து அன்னா," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். டாக்டர் வேலை நமக்கு வேண்டாம் என்பதை அவ்வளவு பணிவாக யாரும் சொன்னதில்லை.

மணி இரண்டரை. இரண்டு பேரும் பொட்டலத் தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

"அப்ப இன்னும் ஆளு வரலண்ணா," என்றான் முனி. "வந்தாலும் இனிமே பொய் சொல்லப் போறதில்ல. இருக்கறத இருக்கறபடி சொல்லிடப் போறேன்."

"பொண்ணு கை நழுவிடுமே?"

"போனாப் போவட்டும்ணா. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான். கண் இரண்டும் படபடவென்று கொட்டின.

துலுக்காணம் கை கழுவிவிட்டுக் குடையை எடுத்தார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

காலையிலிருந்து உழைத்தவர் ஆயிற்றே என்று முனி ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். அவர் பதறிப்போய்க் கையைத் தள்ளினார். "இத்த நான் வாங்கனா நல்லாருக்காது தம்பி."

எவ்வளவு நல்ல மனிதர் என்று முனி உருகிப்போனான். தரகரின் ஆளாக இருந்தும் காசு வாங்க மாட்டேன் என்கிறாரே!

பிறகு தரையைத் தேய்த்துக் கழுவி, கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பழைய பனியனோடு உட்கார்ந்து காத்திருந்தான். ஐந்து மணிக்கு, தோளில் பையோடு வேர்த்து விறுவிறுத்து ஒருவன் வந்து வாசலில் நின்றான். முனி எழுந்தான். அவனை வாயைத் திறக்கவே விடவில்லை.

"வாங்க. நான் டாக்டரு இல்ல. மசாஜ் பண்றேன். அரை ஏக்கர் நெலம். மூணு வாட்டி பீர் குடிச்சிகீறேன். கையால உழைச்சித் துன்றேன், யாரையும் ஏமாத்தல, இன்னைக்கு ஒரு நாளத் தவிர. உங்க பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிகீது. வேணாம்னா இப்பவே சொல்லிட்டுப் போங்க."

வந்தவன் விழித்தான். "எனக்குப் பொண்ணே கெடையாதுண்ணா. நான் பவன்குமாரு, தரகரோட மச்சான். உனக்கு ஒத்தாசை பண்ணக் காலையிலயே அனுப்பனாரு, புத்தூர்ல பஸ்ஸு படுத்துகிச்சு."

முனி ஸ்டூலில் உட்கார்ந்தான். "அப்ப... காலையிலேர்ந்து எங்கூட இருந்த துலுக்காணம் அண்ணன்?"

"காஞ்சனாவோட தாய்மாமன்தானே? புத்தூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேண்ணா. 'ஆவணியில தேதி பாக்கச் சொல்லு, பையன் எல்லாத்துலயும் பாஸு, பொய்தான் சுத்தமா வரல, காலையிலேர்ந்து நானும் சொல்லிக் குடுத்துப் பாத்துட்டேன்'னு சிரிச்சிக்கினே பஸ் ஏறனாரு!"