பெண் பார்க்கப் போன துவக்கு

வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. எதைப் பற்றியாவது ஒரு கட்டுரை படித்துவிட்டால் போதும், அதை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நீச்சலைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் படித்துவிட்டு ஆழமான பக்கத்தில் குதித்தவன் நான். (அது வேறு கதை. அதில் இவ்வளவு எரிச்சல் இல்லை.) நான் ஆயுதம் தரித்த வரலாறும் ஒரு கட்டுரையில்தான் தொடங்கியது.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் வேலை. என் அகதி வழக்கு முடிவில்லாமல் கிடந்த காலம். ஒரு மத்தியானம் ஒல்லியான பையன் ஒருவன் உள்ளே வந்தான். ஒரு கையை ஜாக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு, மற்றக் கையால் சொக்லேற் பெட்டியைக் காட்டினான். உள்ளே விட்ட கையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கை மட்டுமே இருந்திருக்கவும் கூடும். நான் பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். அவன் கதவைத் திறக்கும்போது, பழக்கதோஷத்தில், "நன்றி, மீண்டும் வாருங்கள்" என்றேன்.

மரியாதை தெரிந்த பையன். அடுத்த கிழமையே வந்தான்.

என் அறைத் தோழன் குகனுக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. அவனுக்கு இந்தச் செய்தி ஒரு மாதச் சாப்பாடு.

"கள்ளனுக்கு நன்றி சொன்ன முதல் யாழ்ப்பாணத்தான் நீதான் மச்சான்" என்றான். "அடுத்தமுறை ஒரு பையும் குடுத்து விடு. பாவம், கையில காவிக்கொண்டு போறான்."

இந்த நேரத்தில்தான் ஒரு லொறிச் சாரதி எங்கள் கடையில் ஓர் அமெரிக்கத் துப்பாக்கிச் சஞ்சிகையை விட்டுப் போனார். அதில் ஒரு நீண்ட கட்டுரை: சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அட்டையும் படங்களும் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கட்டுரையின் தர்க்கம் என்னை மயக்கிவிட்டது. துப்பாக்கி சிறியதாக இருக்க வேண்டும். துணிக்கு மேலே அதன் உருவம் தெரியக் கூடாது. அதை வைத்திருக்கும் பொக்கெற்றில் வீட்டுத் திறப்போ சில்லறையோ கூட இருக்கக் கூடாது. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அது தானாக வெடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக உடம்புக்குச் சுகமாக இருக்க வேண்டும். உறுத்துகிற துப்பாக்கியை ஆள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவான். வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டேன்.

நான் வாழ்ந்த நாட்டிலோ பொலிஸ்காரரே வெறுங்கையோடு நடந்து திரிந்தார்கள். இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தடையாகப் படவில்லை. காரணம், நான் வாங்கப் போனது உண்மைத் துப்பாக்கி இல்லை, தண்ணீர்த் துப்பாக்கி. ஊரில் இருந்து வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்து விட்ட வறுத்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல் நிறைய இருந்தது. அதைக் கரைத்து உள்ளே விட்டால் எந்தக் கள்ளனும் இரண்டாம் முறை யோசிப்பான் என்பது என் கண்டுபிடிப்பு.

குறொய்டனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு இருவரும் போனோம். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காற்சட்டைப் பொக்கெற்றில் வைத்துப் பார்த்தேன். நடந்தேன். குந்தி எழும்பினேன். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். பச்சை நிறத் துப்பாக்கி ஒன்றின் குழாய் பொக்கெற்றுக்கு வெளியே வாத்துத் தலைபோல எட்டிப் பார்த்தது. இன்னொன்று தொடையில் குத்தியது. கடைப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். பிள்ளைக்கு என்ன வயது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இருபத்தேழு" என்றான் குகன்.

கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புத் துப்பாக்கி கிடைத்தது. பின்பக்கம் சின்ன இறப்பர் மூடி. தூரத்தில் இருந்து பார்த்தால் அசல்தான். வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பிப் பரீட்சை வைத்தோம். படி ஏறினேன், கட்டிலில் விழுந்தேன், சப்பாணி கட்டி இருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. எந்தத் துப்பாக்கி ரவையைக் காவப் போகிறோமோ அதையே போட்டுப் பரீட்சிக்க வேண்டும் என்று கட்டுரையில் ஓர் இடத்தில் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஓர் அழகியின் படமும் இருந்ததால் நான் வரிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை.

இனிப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். குட்மேய்ஸில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் நான் சொன்ன ஒரு பகிடிக்குச் சிரித்தாள். லண்டனில் என் பகிடிக்கு யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெயர் சாந்தினி, அண்ணன் குடும்பத்தோடு கிங்ஸ்பரியில் இருக்கிறாள் என்று குகன் விசாரித்துச் சொன்னான். அண்ணன் சிவபாலன் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். கண்டிப்பானவர். ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளைத் தேநீரோடு திருப்பி அனுப்பியவர். குகனின் மாமி தூது போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போகச் சொல்லி உத்தரவு வாங்கிக் கொடுத்தார்.

புதிதாக ஒரு வெளிர்மஞ்சள் காற்சட்டை வாங்கினேன். புறப்படும்போது கறுப்புத் துவக்கையும் எடுத்தேன்.

"டேய், நீ பொம்பிளை பாக்கப் போறாய். பண்டி வேட்டைக்கில்லை."

"ரெயின் ரெண்டு மூண்டு மாற வேணும். எங்கட ஆக்களைக் கண்டால் அடிக்கிற மொட்டைத் தலைக்காரர் நிண்டால்?"

"நிண்டால் நன்றி சொல்லு. உனக்குப் பழக்கம்தானே."

நான் தூளைக் கரைத்து நிரப்பி, மூடியை அமத்தி, வலது பொக்கெற்றில் வைத்தேன். துணிக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. உடம்புக்குச் சுகமாக இருந்தது. கட்டுரை எழுதியவர் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். வழியில் மொட்டைத் தலைக்காரர் யாரும் இல்லை. ஒரு கிழவி மட்டும் என்னிடம் நேரம் கேட்டாள்.

சிவபாலன் அண்ணை கதவைத் திறந்து, என்னைப் பாலாடை நிறச் சோபாவில் இருத்தினார். சாந்தினி குசினிக்குள் நின்றாள். அவளுடைய வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"கேஸ் எந்த மட்டில நிக்குது தம்பி?"

பதில் சொல்லச் சற்று முன்னால் சரிந்தேன். தொடையில் ஏதோ குளிர்ந்தது. சோபாவின் குளிர் என்று நினைத்தேன். பிறகு இளஞ்சூடாக இருந்தது. பிறகுதான் விளங்கியது: தூளின் ஒரு துணிக்கை மூடியின் வாயில் சிக்கி, அதை இறுக விடாமல் பிடித்திருந்தது. அம்மாவின் கைப்பக்குவம் தொடையில் இறங்கி, அங்கிருந்து எழுத்தில் போட முடியாத பிரதேசங்களை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது.

"நேர்முகத்தில என்ன கேட்டவை?"

"ஸ்ஸ்... கன விஷயம் கேட்டவை அண்ணை."

"ஊரில நடந்ததுகளையும் கேட்டவையோ?"

"ஸ்ஸ்ஸ்... ஓம்." கண்ணில் இருந்து நீர் கொட்டியது.

அவருடைய முகம் மாறிவிட்டது. அலுவலகத்தில் தினமும் இப்படி ஆட்களைப் பார்க்கிறவர். கண் துடைக்கிற ரிஷூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "வெக்கப்படாதேயும் தம்பி. அழும். மனசு ஆறட்டும்" என்றார். அந்த நெருப்பிலும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது அவருடைய மனைவி தேநீர்த் தட்டோடு வந்தார். வந்தவர் என் காற்சட்டையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"ஐயோ! இஞ்சேருங்கோ! இரத்தம்!"

குனிந்து பார்த்தேன். வெளிர்மஞ்சளில் ஒரு தேசப்படம் அளவுக்குச் சிவப்பு. சோபாவிலும் அதன் அயல்நாடுகள்.

"பழைய காயமோ? ஏன் முதலே சொல்லேல்லை? ஷெல்லோ?" என்று அண்ணை தொலைபேசியை நோக்கிப் பாய்ந்தார்.

ஒரு கணம் ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். காயம்பட்ட வீரனாகப் பெண் கேட்பது எவ்வளவு வசதி! ஆனால் குசினி வாசலில் சாந்தினி தோன்றிவிட்டாள். இரண்டு அடி கிட்ட வந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"அண்ணா, அம்புலன்ஸுக்கு அடியாதேங்கோ. இது இரத்தமில்லை, வறுத்த தூள்." இன்னொரு முறை முகர்ந்தாள். "பெருஞ்சீரகம் கொஞ்சம் கூடிப் போச்சு."

இனிப் பொறுக்க முடியாது. பொக்கெற்றுக்குள் கையை விட்டு, எரிகிற சாமானை வெளியே இழுத்தேன்.

சிவபாலன் அண்ணை தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அண்ணியின் தட்டில் தேநீர்க் கோப்பைகள் கடகடத்தன. துப்பாக்கியின் மூக்கில் இருந்து ஒரு சிவப்புத் துளி மெதுவாகக் கம்பளத்தில் விழுந்தது. நான் வாழ்க்கையில் கைதூக்க வைத்த ஒரே மனிதர் அவர்தான்.

"தண்ணித் துவக்கு அண்ணை" என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் ஓடினேன்.

அங்கே நான் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். கதவுக்கு வெளியே அண்ணியின் குரல் கேட்டது. "தம்பி, சும்மா தண்ணியை ஊத்தாதேயும், எரிவு பரவும். இந்தாரும் தயிர்." கதவு இடுக்கால் ஒரு தயிர் டப்பாவும், அதன் பின்னால் இடுப்பில் கட்ட அண்ணையின் சாரம் ஒன்றும் வந்தன. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அண்ணனுடைய சாரத்தோடு, தயிர் பூசிய நிலையில் கூடத்துக்குத் திரும்பிய மாப்பிள்ளை வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதவும்.

மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் துவக்கை வைத்திருந்தார் அண்ணை. நீதிமன்றச் சாட்சிப்பொருள் போல இருந்தது.

"வெறும் தண்ணி எண்டால் இது விளையாட்டுச் சாமான். எரியிற தண்ணி விட்டால் இந்த நாட்டுச் சட்டத்துக்கு இது துவக்கு. விளங்குதோ? கேஸ் முடியாத ஆள் நீர், துவக்கோட ரெயின் ஏறி என்ர தங்கச்சியைக் கேட்டு வந்திருக்கிறீர்."

நாடும் போச்சு, பெண்ணும் போச்சு என்று தெரிந்துவிட்டது. என் ஈரக் காற்சட்டையை எங்கே போட்டேன் என்று தேடினேன்.

"ஏன் இதைக் கொண்டு திரியிறீங்கள்?" சாந்தினி என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

உயர்ந்த பதில்கள் சில என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். தயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது அவை வாயில் வருவதில்லை.

"பயம்" என்றேன்.

ஒல்லிப் பையனைப் பற்றிச் சொன்னேன். சொக்லேற் பெட்டியைச் சொன்னேன். நன்றி சொன்னதையும், அவன் மீண்டும் வந்ததையும் சொன்னேன். குட்மேய்ஸில் கேட்ட அதே சிரிப்பு திரும்ப வந்தது. பிறகு அண்ணி சேர்ந்துகொண்டார். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் தோள் குலுங்கியது.

"அண்ணா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "முந்தி வந்த ரெண்டு பேரும் தாங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாத ஆக்கள் எண்டு இருந்து அளந்தவை. இவர் பரவாயில்லை."

அண்ணை துவக்கைச் செய்தித்தாளில் சுற்றினார். "சரி" என்றார் கடைசியில். "சாரத்தைத் தோய்ச்சுத் தாரும். துவக்கு இஞ்ச நிக்கட்டும்."

சோபாவின் கறை போகவில்லை. எத்தனையோ மருந்து போட்டும் சிவப்பு மண்ணிறமானதே தவிர, எல்லை குறையவில்லை. கலியாணத்தன்று அண்ணை அதை ஒரு வான் வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்குக் கிடைத்த முழுச் சீதனமும் அதுதான். வழக்கு நல்லபடியாக முடிந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், சோபா இரண்டு வீடு மாறியது. வருகிறவர்களுக்கு என் மகள் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "அப்பா இந்த இடத்திலதான் ஷொட் பட்டவர்" என்பாள். "ஷொட் வைச்சதும் அப்பாதான்" என்று குசினிக்குள் இருந்து என் மனைவி முடித்து வைப்பாள்.

கிங்ஸ்பரிக்கு நாங்கள் எப்போது போனாலும், சிவபாலன் அண்ணை கதவைத் திறந்து, என்னைக் கண்டவுடன் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். சாந்தினி என் பொக்கெற்றுகளைத் தட்டிப் பார்த்து, "ஒண்டும் இல்லை அண்ணா" என்று சொன்ன பிறகுதான் கையை இறக்கி எங்களை உள்ளே விடுவார். இப்போது அவருக்கு வலது தோள்மூட்டு சரியில்லை. இடது கையை மட்டும்தான் தூக்குகிறார். வலது கைக்குப் பதிலாக, பக்கத்தில் நின்று அண்ணி ஒரு கையைத் தூக்குகிறார்.