ராகு காலமும் காட்டு வாத்தும்

தேதி குறித்து வைக்கும் பழக்கமுள்ளவர்கள் தவறு செய்யமாட்டார்கள் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். நாங்களும் செய்வோம். தேதி, கிழமை, நேரத்தோடு செய்வோம்.

மொன்றியலில் சிறிய கனிமத் தேடல் நிறுவனம் ஒன்றில் அனுமதிப் பத்திரங்களைக் கவனிப்பது என் வேலை. வட கியூபெக்கில், விமானத்தில் மட்டுமே போகக்கூடிய கிரீ என்ற பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்றுக்குப் பக்கத்தில் நிலத்தைத் துளைத்துப் பார்க்க இருந்தோம். ஊராரைக் கூட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக் கொடுக்காமல் அரசு அனுமதி தராது. அனுமதி வந்தால் கோடையில் முகாம். அந்த முகாமுக்குச் சமையல்காரனாக என் மனைவியின் தம்பி சிவாவைச் சேர்த்துவிட்டிருந்தேன். அவனும் என்னை நம்பித் துறைமுகக் கிடங்கு வேலையை விட்டுவிட்டான்.

கூட்டத்துக்கு நாள் வைப்பது என் பொறுப்பு. பார்க் எக்ஸ்டென்ஷன் பலசரக்குக் கடையில் தந்த தமிழ்க் கலண்டரை எடுத்தேன். அது ரொறன்ரோவுக்குக் கணித்தது. ஆகவே அந்த வட ஊரின் சூரிய உதயத்தைத் தேடியெடுத்து நானே திருத்தினேன். (மே மாதம் அங்கே பகல் நீளம், ராகு காலம் இரண்டு மணித்தியாலத்துக்கு வந்தது. இதைக் கண்டுபிடித்த முதல் தமிழன் நான்தான் என்று அன்று பெருமைப்பட்டேன்.) அட்டமி, நவமி, மரணயோகம் எல்லாம் கழித்து ஒரு வியாழன் காலை தேறியது.

ஊரவைச் செயலாளர் ஒரு பெண். அந்தக் கிழமை முழுக்க வாத்து வேட்டை, வேறு நாள் பாருங்கள் என்று இரண்டு தரம் எழுதினார். வேட்டைக்காரர் ஒரு நாள் பிந்திப் போகலாம்தானே என்று நினைத்து, நாள் உறுதி என்று பதில் போட்டேன். என் மேலாளரிடம் அந்தக் கடிதங்களைக் காட்டவில்லை.

மேலாளருடன் போய் இறங்கினால், பள்ளிக்கூடம் பூட்டு, கடை பூட்டு. மண்டபத்தில் எழுபது கதிரை, ஒருவரும் இல்லை. செயலாளர் மட்டும், குடும்பத்தோடு வேட்டைக்குப் போகாமல், எங்களுக்காகச் சாவியுடன் நின்றார்.

ஏன் இந்த நாளை வைத்தீர்கள் என்று மேலாளர் கேட்டார். ராகு காலத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். (பாம்பு சூரியனை விழுங்கும் கட்டத்துக்கு முன்னராவது நிறுத்தியிருக்கலாம்.)

செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நாங்களும் நாள் பார்க்கிறவர்கள்தான்," என்றார். "வாத்து வருகிற நாளைத்தான் எங்களால் மாற்ற முடியாது."

திரும்பும் விமானத்தில் மேலாளர் ஒன்றே ஒன்று சொன்னார்: "தைப்பொங்கலன்று நான் கூட்டம் வைத்ததற்காக நீங்கள் எனக்கு எழுதிய மூன்று பக்கக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது."

கூட்டம் இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப் போனது. அந்தக் கோடையில் முகாம் இல்லை. சிவாவுக்குச் சொல்லப் போனபோது, முகாமுக்கென்று வாங்கிய பெரிய தாச்சிச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை துடைத்தான்.

"அத்தான், நான் வேலையை விட்டதும் நீங்கள் பாத்துத் தந்த நல்ல நாளிலதானே?"

ஓம். அந்தத் தேதியும் என் கையெழுத்தில்தான் இருந்தது.

இப்போது அவன் மொன்றியலிலேயே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறான். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அதே தாச்சியோடு வந்து சமைப்பான். அடுத்த கலியாணத்துக்கோ புதுவீட்டுக் குடிபூரலுக்கோ நாள் பார்க்க நான் கலண்டரை விரித்ததும் அடுப்படியிலிருந்து அவன் குரல் வரும்:

"நாள் நல்ல நாள்தான் அத்தான். வாத்தைக் கேட்டாச்சோ?"